மண்ணெண்ணெயில் கழுவிய பிரஷ்

ராஜிதான் முதலில் மோந்தாள்.

"அக்கா, என்னக்கா வாசனை இது?"

ஆவடியில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் பெண் அறை. வெளியே இன்னும் இருட்டுதான். தை மாசப் பனி. கொசுவுக்காக ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். கல்யாணப் பெண் ராஜி தலைக்குக் குளித்து, துண்டைச் சுற்றிக்கொண்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கீழே சமையல்கட்டில் தேங்காய் துருவுகிற சத்தம்.

நான் பெட்டியைத் திறந்து, பிரஷ் சுற்றி வைத்த துணியைப் பிரித்தேன். பெரிய பிரஷ்ஷை எடுத்தேன். முடி பூவாக விரியவேண்டும். விரியவில்லை. மழையில் நனைந்த அணில் வால் மாதிரி ஒட்டிக்கொண்டு கூராக நின்றது. விரலால் தொட்டேன். வழுக்கியது.

அடுத்ததை எடுத்தேன். அதுவும் அப்படியே.

மூக்கில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இன்னா வாசனை அடிக்குது?" என்று கேட்டேன்.

"மண்ணெண்ணெய்க்கா."

எங்கள் வீட்டு மூக்கு

எனக்குத் தெரியாததற்குக் காரணம் உண்டு.

என் வீட்டுக்காரர் போர்டு எழுதுகிறவர். கொரட்டூரில் எங்களுக்கு ஒரே அறை, முன்னால் ஒரு தாழ்வாரம். தாழ்வாரத்தில் அவருடைய டப்பாக்கள். எனாமல் பெயின்ட், டர்பன்டைன், மண்ணெண்ணெய். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வாசலில் இருக்கிற 'அனுமதியின்றி உள்ளே வராதே' போர்டுகளில் பாதி அவர் கை. லாரிக்கு நம்பர் எழுதுவார். பால் பூத்துக்கு எழுதுவார். ஊரில் எல்லாரும் அவரைப் பெயிண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு கம்மி. பேசவேண்டியதை எல்லாம் சுவரில் எழுதிவிடுவதால் வாயில் மிச்சம் இல்லை என்று அவர் தங்கச்சி சொல்லும்.

கல்யாணம் ஆன புதிதில் அந்த நெடி எனக்குத் தலையைச் சுற்றும். சோற்றில் அடிக்கும், தண்ணீரில் அடிக்கும். அப்புறம் மூக்கு விட்டுவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் முகத்தைச் சுளித்தால்தான் எங்களுக்கு ஞாபகம் வரும்.

என் கதை இதுதான். ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அப்பாவும் அம்மாவும் நாற்று நட்ட நிலத்தில் கம்பெனி வந்தது. அதே கம்பெனியில் நான் பேக்கிங் வேலை பார்த்தேன். அது மூடின பிறகு அண்ணா நகரில் ஒரு பியூட்டி பார்லரில் பெருக்கித் துடைக்கப் போனேன். அங்கே பார்த்துப் பார்த்து நூல் போட்டுப் புருவம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு கொரட்டூரில் ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன அறை பிடித்துக் கடை போட்டேன்.

கடைக்கு போர்டு அவர்தான் எழுதினார். பக்கத்தில் ஒரு பெண் முகம் வரைந்தார். கண் பெரிசாக, இமை ஒவ்வொன்றும் தனித்தனியாக. முதல் வாரத்தில் ஒரு பெரியவர் வந்து கண்ணாடி போடவேண்டும், டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பஃப்பில் இருந்து பிரஷ்ஷுக்கு

அந்தக் காலத்தில் கல்யாணப் பெண் மேக்கப் என்றால் மூன்று சாமான். ஸ்நோ கிரீம், பவுடர், பஃப். பஃப்பைப் பவுடரில் அமுக்கி முகத்தில் ஒத்தவேண்டியது. பெண் மாநிறம் என்றால் கூட இரண்டு ஒத்து. கருப்பு என்றால் கணக்கே இல்லை. பெண்ணின் அம்மா பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பார்.

பாரிவாக்கத்தில் ஒரு கல்யாணம். நானும் பஃப்பில்தான் போட்டேன். வெயில் காலம். ஓமப் புகை வேறு. தாலி கட்டுகிற நேரத்துக்குப் பெண் முகத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கிவிட்டது. சுண்ணாம்பு அடித்த சுவரில் மழை பெய்த மாதிரி. ஒருவரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு அது வழக்கம்தான். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அவர் தாழ்வாரத்துச் சுவருக்கு ப்ரைமர் அடித்துக்கொண்டிருந்தார்.

"தடியா அடிச்சா உரியத்தான் செய்யும்," என்றார். "மெல்லிசா அடிக்கணும். பிரஷ்ஷுல அடி."

"மூஞ்சில போய் பிரஷ்ஷா?"

"அதுவும் செவுரு மாதிரிதான்."

"என் மூஞ்சியும் செவுரா?"

மறுநாள் அவர் ஒரு புது மெல்லிய பிரஷ் வாங்கிவந்து கொடுத்தார். எழுத்துக்கு நிழல் கொடுக்க வைத்துக்கொள்வதுதான். உதட்டுச் சாயத்துக்கு அதைத்தான் நான் வெகுநாள் வைத்திருந்தேன். உதட்டின் ஓரம் பிசிறில்லாமல் வந்தது.

ஆனால் பவுடருக்குப் பெரிய பிரஷ் வேண்டும். அது போர்டு எழுதுகிறவர் கடையில் கிடைக்காது.

முடியைப் பார்க்கவேண்டும்

பத்திரிகையில் நான் சொல்லிவருகிற இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு பெண் கேட்டிருந்தாள், நல்ல பிரஷ்ஷை எப்படிப் பார்த்து வாங்குவது என்று. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் பாரிமுனைப் பக்கம் சந்துகளில்தான் வாங்கினேன். வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடைகள். கடைக்காரர் கைப்பிடியைக் காட்டுவார். தங்கக் கலர், சிவப்புக் கலர். கைப்பிடி பவுடர் போடாது. முடியைப் பார்க்கவேண்டும்.

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். குத்தக்கூடாது. முடியை வெட்டிச் சமமாக்கின பிரஷ் குத்தும். முடியின் நுனி நுனியாகவே இருந்தால் குத்தாது. ஆட்டு முடி மெத்தென்று இருக்கும், பவுடர் பிடிக்கும். பன்றி முடி சுவரில் கோட் அடிக்க நல்லது, கன்னத்துக்கு ஆகாது. நைலானில் பவுடர் நிற்காது, வழிந்துவிடும்.

அப்புறம் முடியைக் கொத்தாகப் பிடித்து லேசாக இழுக்கவேண்டும். ஒன்றிரண்டு வந்தால் பரவாயில்லை. கையோடு கற்றை வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் திட்டுவார். என்னையும் திட்டினார். "இன்னாமா, கோழி உரிக்கிறியா?" என்றார். நான் உரித்து உரித்துத்தான் வாங்கினேன்.

முடியைக் கைப்பிடியோடு பிடித்திருக்கிற தகரப் பட்டையை ஆட்டிப் பார்க்கவேண்டும். ஆடினால் பசை சரியில்லை.

போடுகிறபோது பவுடரில் நுனி மட்டும். மூடியின் விளிம்பில் தட்டி, மிச்சத்தை உதிர்த்துவிட்டு, அப்புறம் முகம். தேய்க்கக்கூடாது. முகத்துக்கும் பூனை முடி இருக்கிறது. அது எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே இறக்கவேண்டும். எதிர்ப்பக்கம் போனால் முடி நிமிர்ந்து, பவுடர் அதில் ஏறி உட்காரும்.

கழுவுவது ஷாம்பூவில். நுனியை மட்டும் நனைத்து, தகரத்துக்குள் தண்ணீர் போகாமல், நிழலில் படுக்க வைத்துக் காயவிடவேண்டும். எண்ணெய் கூடவே கூடாது. எண்ணெய் பட்டால் பவுடர் திட்டுத் திட்டாக அப்பிக்கொள்ளும்.

போர்டு எழுதுகிற பிரஷ்ஷுக்கு இது நேர் தலைகீழ். மண்ணெண்ணெயில் அலசி, தேங்காய் எண்ணெய் தடவி, விரலால் கூர் பிடித்து வைக்கவேண்டும். இல்லாவிட்டால் முடி விறைத்துப் பிரஷ் போச்சு. அதை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. எவ்வளவு அசந்து வந்தாலும் பிரஷ்ஷுக்கு எண்ணெய் போட்டுவிட்டுத்தான் தட்டின் முன்னால் உட்காருவார்.

ரவை

ராஜி டிஃபென்ஸ் குவார்ட்டர்ஸ் பெண். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்த குடும்பம். ராஜி பிறந்து வளர்ந்தது எல்லாம் ஆவடி. அம்மா பேச்சு மட்டும் ஊர்ப் பேச்சு.

சின்ன வயதில் அம்மை போட்டு இடது கன்னத்தில் குழி குழியாக இருக்கும். ஆழமான குழி இல்லை. பார்த்தால் தெரியும், பழகினால் மறந்துபோகும். மாப்பிள்ளை வீட்டார் பகலில் வந்து பார்த்துத்தான் சரி என்றார்கள். ஐயப்பன்தாங்கல்காரர்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு வேறு யாரோ மேக்கப் போட்டிருக்கிறார்கள். பஃப். பவுடர் போய்க் குழியில் எல்லாம் அடைந்துவிட்டது. போட்டோக்காரர் ஃபிளாஷ் அடித்ததும் கன்னத்தில் வெள்ளை வெள்ளைப் புள்ளி. மாப்பிள்ளையின் தங்கச்சி, ராஜிக்கு நாத்தனார் ஆகப்போகிறவள், சபையில் கேட்டாளாம்: "இன்னா அண்ணி, கன்னத்துல ரவை கொட்டிக்கினியா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"அவரு சிரிக்கலக்கா," என்றாள் ராஜி. "ஆனா ஒண்ணும் சொல்லவும் இல்ல."

என் கடைக்கு வந்து முதல் நாள் அவள் பேசியது இவ்வளவுதான். போகும்போது ஒன்று சொன்னாள். "எனக்கு அழகு எல்லாம் வேணாங்கா. கல்யாண போட்டோல என் மூஞ்சி என் மூஞ்சியா இருந்தா போதும்."

பிரஷ்ஷில் போட்டுக் காட்டினேன். கன்னத்தில் மேலிருந்து கீழாக இறக்கி, அப்புறம் வெறும் பிரஷ்ஷால் குழியில் தங்கினதைத் தட்டிவிட்டேன். கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். "இது போதும்," என்றாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் மருதாணி வைக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிரஷ்ஷை எல்லாம் எடுத்துக்கொண்டு போகவில்லை. காலையில்தானே வேண்டும் என்று வீட்டு ஜன்னலில் வைத்திருந்தேன்.

ராஜி இரண்டு கையும் விரித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா என்னைச் சமையல் அறைக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். சமையல் அறையில் ஸ்டவ் இல்லை. திண்டின் மேல் அது வைத்த கருப்பு வட்டம் மட்டும் இருந்தது.

"ஸ்டவ் எங்கம்மா?"

அவர் குரலை இறக்கினார். "நிச்சயம் முடிஞ்சு வந்து ரெண்டு நாள் சாப்பிடல பாத்துக்கோ. ஒரு நாள் மத்தியானம் கதவச் சாத்திட்டா. தட்டுதேன், தட்டுதேன், தொறக்கல. தூங்கிட்டேன்னு சொன்னா பொறவு. நான் நம்பல. அன்னையிலேர்ந்து சமையல் முடிஞ்சதும் ஸ்டவ்வையும் மண்ணெண்ணெ டின்னையும் என் கட்டிலுக்கு அடியில வச்சுக்கிடுதேன்."

நான் காபியைக் குடித்தேன்.

"அவ அப்பாட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். கட்டில், பீரோல்லாம் பொறவு பாப்போம். கேஸ் அடுப்பு முதல்ல குடுங்கன்னு."

அந்த வருஷங்களில் பேப்பரைப் பிரித்தால் ஏதோ ஒரு மூலையில் அந்தச் செய்தி இருக்கும். ஸ்டவ் வெடித்து இளம்பெண். எப்போதும் ஸ்டவ்தான் வெடிக்கும். எப்போதும் மருமகள்தான். பெண்ணைப் பெற்றவர்கள் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிடுவார்கள். அதனால் அவர் சொன்னதற்கு நான் விளக்கம் கேட்கவில்லை.

படிக்கட்டில்

அன்று எஸ்டேட்டில் வேலை சீக்கிரம் முடிந்து இவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஜன்னலில் என் பிரஷ்ஷைப் பார்த்திருக்கிறார். நாலு நாளாக நான் இந்தக் கல்யாணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது. மீதி அவருக்குத் தெரிந்த வேலை.

நான் திரும்பியபோது பிரஷ் எல்லாம் துணியில் சுருட்டிப் பெட்டிக்குள் இருந்தது. எடுத்து வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். திறந்து பார்க்கவில்லை.

விடிகாலையில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் அவர்தான் கொண்டுவந்து விட்டார். மண்டபத்து வாசலில் தெர்மாகோல் பெயர்ப் பலகையும் அவர் வேலை. அது நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீழ்ப் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ராஜியிடம் "ஜாக்கெட்டைப் போட்டுக்கோ, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நான் கீழே இறங்கினேன்.

"யோவ். என் பிரஷ்ஷ இன்னா பண்ண?"

"கழுவுனேன்."

"எதுல?"

"மண்ணெண்ணெயில."

"அப்பால?"

"அப்பால தேங்கா எண்ண தடவி, கூர் புடிச்சு வச்சேன்." டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஏன், கூரு சரியா வரலியா?"

கூர் நன்றாகத்தான் வந்திருந்தது. அப்படி ஒரு கூர் நான் பார்த்ததில்லை. அதை வைத்து ராஜியின் கன்னத்தில் அரிசி ஆலை விளம்பரம் எழுதலாம்.

கத்தவேண்டும் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். நல்லது செய்துவிட்டு நிற்கிற முகம். அதனிடம் என்னத்தைக் கத்துவது.

"மூஞ்சிக்குப் போடறதுய்யா. எண்ண பட்டா பவுடரு அப்பிக்கும். அதும் அந்தக் கன்னத்துல."

அவர் எழுந்தார். "கடல மாவு கெடைக்குமா இங்க?" என்றார்.

அப்போதுதான் மேலே கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

கதவு

ராஜியின் அம்மா. ஒரு கையில் மல்லிகைப் பந்து. இன்னொரு கை கதவில். தட்டவில்லை, அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி! ராஜி! தொறட்டி!"

அறை சின்னது. ஜன்னல் சாத்தியிருந்தது. விரித்த துணியில் இருந்து நெடி அறை முழுக்கப் பரவி, கதவுக்கு மேலே இருந்த காற்றுத் துவாரம் வழியாக வராந்தாவுக்கு வந்திருக்கிறது. என் மூக்குக்கு அப்போதும் தெரியவில்லை. அந்த அம்மா முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

உள்ளே தாழ்ப்பாள் விலகியது. பாதி கொக்கி மாட்டின ஜாக்கெட்டோடு ராஜி நின்றாள்.

"இன்னாம்மா? ஜாக்கெட் போட்டுக்கினு இருந்தேன்."

அந்த அம்மா மகளின் கையைப் பிடித்து மோந்தார். தோளை மோந்தார். துண்டை அவிழ்த்து ஈரத் தலையை மோந்தார். பாவாடையைக் கையில் அள்ளி மோந்தார். மல்லிகைப் பந்து கீழே விழுந்து உருண்டது.

ராஜிக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

"அம்மா," என்றாள். "பிரஷ்ஷும்மா. பிரஷ்."

நான் பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மோந்தார். இன்னொரு தடவை மோந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீட்டுக்காரர்மா," என்றேன். "போர்டு பிரஷ்னு நெனச்சு மண்ணெண்ணெயில கழுவிட்டாரு."

அவர் என்னைப் பார்த்தார். "உம் மாப்பிள்ளை எங்க?"

"கீழ."

"நான் பாக்கணும் அந்த மனுசன," என்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. ராஜி கீழே உட்கார்ந்து அம்மாவின் முந்தானையாலேயே அவர் முகத்தைத் துடைத்தாள். முகூர்த்தத்துக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவர்களை எழுப்பவில்லை.

கடலை மாவு

சமையல்கட்டில் போய்க் கடலை மாவு கேட்டேன். சமையல்காரர் என் கையில் இருந்த பிரஷ்ஷைப் பார்த்தார்.

"இன்னாமே, பிரஷ்ல பஜ்ஜி போடப் போறியா?"

"பொண்ணுக்குப்பா. பவுடர் போட."

"கடல மாவுலயா? மாப்ள பாவம்மே."

ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார். கூட ஒரு சொம்பு வெந்நீர். என் வீட்டுக்காரர் அதில் பச்சைத் தண்ணீர் கலந்து விரலை விட்டுப் பார்த்தார். "ரொம்ப சுட்டா பசை வுட்டுரும்," என்றார். குழாயடியில் குந்தி உட்கார்ந்து மாவைக் குழைத்துப் பெரிய பிரஷ்ஷின் முடியில் மட்டும் தடவி அலசினார். எண்ணெய்த் தலைக்குத் தேய்க்கிற மாதிரிதான். அலசிவிட்டுக் கைப்பிடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைகிற மாதிரி சுழற்றினார். தண்ணீர் சிதறி முடி விரிந்தது.

பெண் அறைக்குள் ஆம்பிளை வரக்கூடாது. கதவு இடுக்கில் கையை மட்டும் நீட்டினார். ராஜியின் அம்மா வாங்கி மோந்தார்.

"இன்னும் கெடக்கு."

கை பிரஷ்ஷோடு போயிற்று. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது.

"லேசாக் கெடக்கு."

மறுபடி போயிற்று. இப்படி எத்தனை நடை என்று எண்ணவில்லை. அதற்குள் நான் ராஜிக்குத் தலை பின்னி, பூ வைத்து, மை இட்டு முடித்தேன். கீழே நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணைக் கூட்டி வரச் சொல்லி ஐயர் ஆள் அனுப்பினார். அம்மா கதவைத் திறக்காமலே "வருதோம்" என்றார்.

கடைசியில் பிரஷ் வந்தது. அவர் மோந்தார். டேபிள் ஃபேன் முன்னால் தானே பிடித்துக்கொண்டு நின்றார். முடி காய்ந்து, ஒவ்வொன்றாகப் பிரிந்து, பழையபடி பூவாக விரிந்தது.

நான் கை நீட்டினேன். அவர் தரவில்லை. பிரஷ்ஷைப் பவுடரில் தொட்டுத் தன் கன்னத்தில் ஓர் இழுப்பு இழுத்தார். மூச்சை இழுத்து மோந்தார். கண்ணாடியில் பார்த்தார்.

"ம். இனி எம் புள்ளைக்குப் போடு."

நேரம் இல்லை. ஆனால் இந்த வேலையில் அவசரம் என்றால் தடிமன். நுனியில் தொட்டு, மூடியில் தட்டி, மெல்லிசாக இறக்கினேன். நெற்றி, மூக்கு, வலது கன்னம். இடது கன்னத்துக்குக் கடைசியில் வந்தேன். மேலிருந்து கீழே ஒரே இறக்கு. அப்புறம் வெறும் பிரஷ்ஷால் குழி குழியாகத் தட்டினேன். ராஜி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெண்ணைக் கூட்டிப்போக நாத்தனார்காரி வந்தாள். பட்டுப் பாவாடை, கை நிறைய வளையல். ராஜியின் முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள். ரவையைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அகப்படவில்லை.

"நல்லா கீதே," என்றாள். "அக்கா, எனக்கும் கொஞ்சம் போட்டு வுடேன்."

ராஜி கண்ணைத் திறந்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொன்னாள்.

"போடுங்கக்கா. அந்த இன்னொரு பிரஷ்ல."

அவள் அம்மா இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். நான் நல்ல பிரஷ்ஷில்தான் போட்டேன். அவளும் ஒரு வீட்டுப் பெண்தானே.

இறங்கிப் போகும்போது கதவுக்கு வெளியே இவர் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் கடலை மாவு. ராஜி ஒரு நொடி நின்றாள்.

"அண்ணே, வாசல்ல என் பேரு ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

பெட்டி

அடுத்த வாரம் என் பிரஷ் பெட்டி தாழ்வாரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மூடியில் எனாமலில் எழுத்து. மஞ்சள் எழுத்து, கருப்பு நிழல். கம்பெனி போர்டு எழுதுகிற அதே எழுத்து.

'முகம்.'

பக்கத்தில் அவருடைய பெட்டி. அதில் 'சுவர்.'

நான் பார்த்தேன். அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

ஆடி

ஆடிக்கு ராஜியை அழைத்து வந்திருந்தார்கள். அம்மாவும் மகளும் என் கடைக்கு வந்தார்கள். ராஜி கல்யாண போட்டோ ஒன்றைக் கவரில் கொண்டுவந்திருந்தாள். தாலி கட்டின உடனே எடுத்தது. மாப்பிள்ளை என்னமோ சொல்கிறார், இவள் திரும்பிப் பார்க்கிறாள். இடது கன்னம் கேமராவுக்கு நேராக இருந்தது.

நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"குழி தெரியுதே," என்றேன்.

"தெரியட்டுங்கா. பவுடர் தெரியல பாருங்க."

பார்த்தேன். தெரியவில்லை.

"என்ன சொல்றாரு இதுல?"

"பசிக்குதான்னு கேட்டாரு." சிரித்தாள்.

புருவம் எடுக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நூலை எடுத்தேன். அவள் அம்மா நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மகளின் தலையில் ஏதோ தூசி இருக்கிற மாதிரி குனிந்து, விரலால் தட்டினார். தட்டிக்கொண்டே மூக்கை முடியில் வைத்தார்.

ராஜி கண்ணாடியில் பார்த்துவிட்டாள். "யம்மா. வந்ததுலேர்ந்து உனக்கு இதே வேலையா?"

நான் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

புறப்படும்போது ராஜி முன்னால் இறங்கித் தெருவுக்குப் போய்விட்டாள். அவர் செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கினார். என் முழங்கையைப் பிடித்தார்.

"சீயக்காய்தான்," என்றார். "வெறும் சீயக்காய் வாடைதான்."

"ஆமாம்மா," என்றேன்.